பூ பூக்கும் என்றுதான் அந்தப் பாட்டு சொல்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானியப் பாட்டு ஒன்றைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. ஜப்பானில் இருந்தபோது நான் பாடிய பாட்டு நம் பேப்பரில் வந்திருக்கிறதே என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவை படிக்கும்போது கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. 32 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பழக்கம் போகவில்லை.

தகவல் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் சுனாமி வந்த சில வாரங்களில், முகாமில் இருந்தவர்களே உட்கார்ந்து எழுதிப் பாடியது இந்தப் பாட்டு என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் ஊருக்குள் வந்தது 2011 மார்ச் 11. ‘ஹனா வா சகு’ என்ற இந்தப் பாட்டு வந்தது ஒரு வருடம் கழித்து, 2012இல். எழுதியவர் ஷுன்ஜி இவாய், சினிமா இயக்குநர். இசை யோகோ கன்னோ என்ற அம்மையார். இரண்டு பேருக்கும் வடகிழக்கு ஜப்பானில் இருக்கும் செண்டாய்தான் சொந்த ஊர். அந்த நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, வடகிழக்குப் பகுதிக்கு உதவுவதற்காக இதை வெளியிட்டது. இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா என்ற மூன்று மாநிலங்களோடு உறவுள்ள நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டுக்காரர்கள், நகைச்சுவைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரியாகப் பாடியிருக்கிறார்கள். கையில் ஒரே ஒரு ஜெர்பரா பூ, அவ்வளவுதான். பின்னால் வெடி, விளக்கு எதுவும் கிடையாது. பாட்டில் வந்த உரிமைத்தொகை அந்த மூன்று மாநிலங்களுக்கே நன்கொடையாகப் போனது.

இன்னொன்று, கட்டுரையின் நடுவில் வரும் பைன் மரம். ரிக்குசென்தகாதா ஊரில் கடலோரமாக 70,000 பைன் மரங்கள் இருந்து, அலைக்குப் பிறகு ஒன்றே ஒன்று நின்றது என்பது உண்மை. ‘அது இன்றும் பச்சைப் பசேலென்று உயிரோடு நம்பிக்கை சொல்லிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருப்பதுதான் தவறு. உப்புத் தண்ணீர் ஊறி வேர் அழுகி, 2012இலேயே அது பட்டுப்போய்விட்டது. அப்புறம் அதை அறுத்து, உள்ளே கம்பம் செருகி, செயற்கைக் கிளையும் இலையும் பொருத்தி, நினைவுச் சின்னமாக 2013இல் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதை யாரிடமும் மறைப்பதில்லை. நாம்தான் மறைக்கிறோம்.

சரி, இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய பிழை. இதற்காக நான் தாள் எடுத்திருக்க மாட்டேன். தலைப்புதான் என்னை உட்கார வைத்தது. ‘மலர்வோம் மீண்டும்!’ என்று பாட்டின் பெயரைத் தமிழாக்கி, ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். பெயர் அதுவல்ல. ஹனா என்றால் பூ. சகு என்றால் பூக்கும். நடுவில் வரும் ‘வா’ எதைப் பற்றிப் பேச்சு என்று காட்டுகிற ஒட்டு. ‘பூ பூக்கும்’. அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். எனக்கு அது புரிய 19 வருடம் ஆயிற்று, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. மீனவர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். தாண்டவைத்தவள் என் அக்கா. அலுமினிய அன்னக்கூடையில் மீன் வாங்கித் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று, அந்தக் காசில் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினாள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் மீன் விலை ஏறும், அதனால் அன்றைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே துறைமுகத்துக்குப் போனாள். அப்போது நான் டவுனில், வெளிப்பாளையத்தில் குடியிருந்தேன். இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். ‘கடல் உள்ள வந்துருச்சு’ என்று ஜனங்கள் ஓடிவந்தார்கள். அதுவரை அந்தச் சொல்லே எங்களுக்குத் தெரியாது. சுனாமி என்று டிவியில் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அதுவும் ஜப்பானியச் சொல்தான், துறைமுக அலை என்று அர்த்தம் என்று பிற்பாடு மகள் சொன்னாள். துறைமுகத்துக்குப் போனவளை அந்த அலை கொண்டுபோய்விட்டது. அக்கா கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். குழிகளில் மொத்தம் மொத்தமாகப் புதைத்தார்கள். அதில் எந்தக் குழி என்று யாரைப் போய்க் கேட்பது?

அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவு நாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தது. தமிழாசிரியை நான் இருக்கும்போது வேறு யார் எழுதுவார்? ஒரே ராத்திரியில் எழுதினேன். ‘எழுவோம் எழுவோம் அலைபோல் எழுவோம், வெல்வோம் வெல்வோம் விதியை வெல்வோம்.’ மெட்டு துள்ளலாக இருக்கும், தாளத்துக்குக் கைதட்டல். எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒத்திகையில் மூன்றாவது வரிசையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயே திறக்கவில்லை. கை மட்டும் சரியாகத் தட்டுகிறாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், ‘வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் வாயை அசைத்தாள். சத்தம் வந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

அவள் அம்மாவையும் தம்பியையும் அலை கொண்டுபோனது எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் நானே குறித்து வைத்திருந்தேன், உதவித்தொகைக்காக. அவர்கள் அப்போது தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தார்கள். பகலில் அதற்குள் நிற்க முடியாது, வேகும். மழை பெய்தால் தரையில் தண்ணீர். அங்கிருந்து வரும் பிள்ளையிடம் ‘அலைபோல் எழுவோம்’ என்று பாடச் சொல்லியிருக்கிறேன். அலைபோல்! எழுதும்போது அந்த உவமை எனக்கு உறுத்தவே இல்லை. அக்காவைக் கடலில் தொலைத்தவள் நான், எனக்கே உறுத்தவில்லை. மேடை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று கை பழகியிருக்கிறது.

செண்டாய் கதைக்கு வருகிறேன். என் மகளும் மருமகனும் அந்த ஊரில் வேலையில் இருக்கிறார்கள். மகளுடைய பிரசவத்துக்காக 2024 ஜனவரி முதல் வாரம் போனேன். 90 நாள் விசா. போய் இறங்கியபோது டிவி முழுக்க நோத்தோ தீபகற்பம். புத்தாண்டு அன்றைக்கு அங்கே 7.6 அளவில் நிலநடுக்கம், வீடெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, தெருவில் பனி. எனக்குத் திரும்ப விமானம் ஏறிவிடலாம் போல இருந்தது.

பக்கத்து வீட்டம்மாவுக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும். மகளுக்கு அம்மா என்பதால் என்னையும் ‘ஒகாசான்’ என்றுதான் கூப்பிடுவார். அம்மா என்று அர்த்தம். வியாழக்கிழமை காலையில் பகுதி மக்கள் மன்றத்தில் பெண்கள் கூடிச் சேர்ந்து பாடுவார்களாம். வீட்டில் சும்மா இருக்கிறீர்களே, வாருங்கள் என்று சைகையிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். சுவரோரம் மடக்கு நாற்காலிகள், ஒரு பழைய பியானோ, வெந்நீர்க் குடுவை, அரிசி முறுக்கு மாதிரி ஒரு பிஸ்கட். 15 பேர் இருப்பார்கள். என்னைத் தவிர எல்லாரும் 65க்கு மேல். மேசையில் நோத்தோவுக்காக ஒரு உண்டியல். அதில் நானும் போட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பதால் மகள் பாட்டுகளைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தமிழில் அந்த மொழி ஏறத்தாழ அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஹனாவுக்கு ஹ வேண்டும், கிரந்தம் இல்லாமல் முடியாது. மற்றபடி உயிர்மெய் உயிர்மெய்யாக நம் எழுத்து போலவே போகிறது. மூன்றாவது வாரம் ‘ஹனா வா சகு’ தாள் வந்தது. பியானோக்கார அம்மா முன்னிசை வாசிக்கத் தொடங்கியதும், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து போய் டீ போட ஆரம்பித்தார். வெந்நீர்க் குடுவை அவர் பக்கத்திலேயே இருக்கிறது, அவசரமும் இல்லை. ஆனாலும் 15 கோப்பையையும் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, தட்டில் அடுக்கி, பாட்டு முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். ‘ஏன் பாடவில்லை’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழி விடுவார், அவ்வளவுதான்.

அவர் அராஹமா ஊர்க்காரர் என்று மகள் விசாரித்துச் சொன்னாள். செண்டாய் நகரத்தின் கடலோரப் பகுதி அது.

பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் என்னை அங்கே அழைத்துப் போனார். சுரங்க ரயிலில் அராய் என்ற கடைசி நிலையம், அங்கிருந்து பஸ். 800 வீடுகள் இருந்த இடம் என்றார்கள். நான் பார்த்தது புல்வெளி. புல்வெளிக்கு நடுவே வீடுகளின் அஸ்திவாரம் மட்டும், குளியலறைக்குப் போகும் படி மட்டும். ஒரே ஒரு கட்டடம் நிற்கிறது, ஆரம்பப் பள்ளிக்கூடம். நான்கு மாடி. இரண்டாவது தளம்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என்று 320 பேர் மேலே ஏறி, மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பியிருக்கிறார்கள். 2017இலிருந்து அதை இடிபாடாகவே வைத்து மக்கள் பார்க்கத் திறந்திருக்கிறார்கள். இரண்டாம் தளத்து நடையில் கம்பி கைப்பிடி வளைந்து கிடக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக் கடிகாரம் 3.55இல் நின்றிருக்கிறது.

நிலம் நடுங்கியது 2.46க்கு. அப்படியென்றால் 69 நிமிடம். நான் கையால் கணக்குப் போட்டேன். சுமத்திராவில் நடுங்கியது நம் நேரத்துக்குக் காலை ஆறரை. எங்கள் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. (ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான்.) அந்த மாடியில் நின்றுகொண்டு, ஆறரை மணிக்கு அக்கா என்ன செய்துகொண்டிருந்திருப்பாள் என்று யோசித்தேன். தலை வாரிக்கொண்டிருந்திருப்பாள். டீ குடித்திருப்பாள். ஏழரைக்கு அன்னக்கூடையைக் கழுவியிருப்பாள். ஒன்பது மணிக்கு? நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாளா, காசைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாளா, கடலைப் பார்த்தாளா, பார்க்கவே இல்லையா? பார்த்தவர்கள் சொன்னதெல்லாம் ஓடி வந்தவர்கள் சொன்னது. அவள் பக்கத்துக் கதை கிடையாது.

இப்போது கேளுங்கள். அன்றைக்கு ராத்திரி, இந்தப் பாட்டைப் பற்றி இவாய் எழுதிய ஒரு குறிப்பை மகள் எனக்குப் படித்துச் சொன்னாள். சுனாமியில் சிக்கிய இஷினோமாகி ஊரில் அவருக்கு மூத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். நம் காதுக்குக் கிடைப்பது பிழைத்தவர்களின் கதைதான், செத்துப்போனவர்கள் பட்டதை நாம் கேட்கவே முடியாது என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். பாட்டு அந்தப் பேச்சிலிருந்து வந்தது. மகள் சொல்லிக்கொண்டே போக, நான் தமிழெழுத்துத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக அர்த்தம் கேட்டேன். அதில் ‘நான்’ என்று பேசுவது போய்ச்சேர்ந்த ஆள். விட்டுவந்த ஊரை நினைத்துக்கொள்கிறார். நான் ஏதாவது மிச்சம் வைத்துவிட்டு வந்தேனா என்று கேட்டுக்கொள்கிறார். இனிமேல் பிறக்கப்போகிற யாருக்காகவோ பூ பூக்கும் என்கிறார். பிழைத்தவனைப் பார்த்து எழு, நில், வெல் என்று ஒரு சொல் கிடையாது.

கட்டுரையாளர் இந்தப் பாட்டை ‘வீழ்ந்தவர்களின் போர்முழக்கம்’ என்கிறார். எந்தப் பாட்டைக் கேட்டு எழுதினாரோ தெரியவில்லை. இது தாலாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டு. சத்தம் போட்டுப் பாடவே வராது.

இப்போது இலக்கணம். ‘மலரட்டும்’ என்றால் வியங்கோள். ‘மலர்வோம்’ என்றால் தன்மைப் பன்மை. பேசுபவர் தன்னோடு சேர்த்து நம்மையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார், வர மாட்டேன் என்பவருக்கு இடமில்லை. ‘பூக்கும்’ வேறு வகை. பங்குனி வந்தால் வேம்பு பூக்கும் என்கிறோம். இனிமேல் நடக்கப்போவதும் அதுதான், எப்போதும் நடந்துவருவதும் அதுதான், இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ஜப்பான் மொழியிலும் ‘சகு’ அப்படித்தானாம், நிகழ்வதற்கும் நிகழப்போவதற்கும் ஒரே வடிவம். பூக்கும் என்று சொல்பவர் யாரையும் பூக்கச் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாலும் பூக்கும். நீ டீ போடப் போனாலும் பூக்கும். இவ்வளவு பொருத்தமான சொல் தமிழில் தயாராக இருக்க, அதை விட்டுவிட்டு ஆச்சரியக்குறி போட்டு ‘மலர்வோம்’ என்று எழுதுகிறோம். நான் ‘எழுவோம்’ என்று எழுதினேன். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் புத்திதான்.

அங்கேயும் அப்படிப்பட்ட வாசகம் இல்லாமல் இல்லை. ‘கன்பரோ’, அதாவது விடாமல் முயல்வோம் என்று சுனாமிக்கு அப்புறம் ஊர் முழுக்கப் பதாகை கட்டியிருந்தார்களாம். இதற்கு மேல் என்னத்தை முயல்வது என்று எரிச்சல்பட்டோம் என்றார் பக்கத்து வீட்டம்மா. இந்தப் பாட்டையுமே முதல் ஒன்றிரண்டு வருடம் டிவியில் ஓயாமல் போட்டார்கள், சில நாள் அணைத்துவிடுவேன் என்றும் சொன்னார். பாட்டு பிடிக்காமலா என்று கேட்டேன். பிடித்ததால்தான், சாப்பிடும்போது வந்தால் சாப்பாடு இறங்காது என்றார்.

அடுத்து, கட்டுரையின் கடைசிப் பத்தி. ‘ஜப்பானியர் பாட்டுப் பாடி ஒரே ஆண்டில் எழுந்துவிட்டார்கள், நம்மவர்களோ இன்னும் நிவாரணத்துக்குக் கையேந்தி நிற்கிறார்கள்’ என்று முடித்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஒரே ஆண்டில் யார் எழுந்தது? 15,900 பேர் இறந்தார்கள், 2,500 பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. தற்காலிக வீடுகளைக் ‘கசெத்சு’ என்பார்கள். இரண்டு வருடத்துக்கு என்று கட்டியது. ஏழெட்டு வருடம் கழித்தும் அதில் ஆட்கள் இருந்தார்கள். ஃபுகுஷிமாவில் அணு உலைக் கட்டடங்கள் வெடித்துக் கதிர்வீச்சு பரவியதால், சொந்த வீடு இடியாமல் நின்றும் உள்ளே போக முடியாமல் வருடக்கணக்கில் வெளியே இருந்தவர்கள் உண்டு. அராஹமாவில் திரும்ப வீடு கட்டவே கூடாது என்று செண்டாய் நகராட்சி சட்டம் போட்டு, ஜனங்களை உள்நிலத்துக்கு மாற்றியது. கடலோரம் 7 மீட்டருக்கு மேல் சுவர், உள்ளே மேடாக்கிய சாலை, பக்கத்தில் இப்போது ஒரு பழத்தோட்டம். ஊர் மட்டும் கிடையாது. புனரமைப்பு என்றால் அங்கே சில இடங்களில் அதுதான் அர்த்தம்: பழைய ஊர் வராது என்று ஒத்துக்கொள்வது. இதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கும் பல வருடம், பல கூட்டம், பல சண்டை ஆயிற்று.

நம்மவர்கள் கையேந்தினார்கள் என்றால், ஏந்தத்தான் செய்தோம். படகும் வலையும் போன பிறகு வேறு என்ன செய்வது? ஜப்பான்காரர்களும் அரசாங்கத்திடம் வாங்கித்தான் வீடு கட்டினார்கள். அவர்கள் வாங்கினால் புனரமைப்பு, நாங்கள் வாங்கினால் கையேந்தலா? எங்கள் ஆட்கள் சில மாதத்தில் திரும்பக் கடலுக்குப் போனார்கள் ஐயா. அம்மாவை விழுங்கின கடல், அதே கடலுக்குத்தான். அதை யாரும் பாட்டாக எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரியில் பேத்தி பிறந்தாள். மார்ச் 11 திங்கட்கிழமை. குழந்தைக்கு ஒரு மாதம் ஆகவில்லை, அதனால் நான் வெளியே போகவில்லை. 2.46க்குச் சங்கு ஊதியது. தெருவில் ஒரு தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றதை ஜன்னலில் பார்த்தேன். அராஹமாவில் பூ விதை வைத்த பலூன்களை அந்த நாளில் பறக்கவிடும் வழக்கம் உண்டு என்றார்கள். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மன்றத்துக்குப் போனேன், அதுதான் எனக்குக் கடைசி வகுப்பு மாதிரி. நோத்தோ உண்டியல் நிறைந்திருந்தது. அன்றைக்கு ‘ஹனா வா சகு’தான் பாடுவது என்று முடிவு. முன்னிசை ஆரம்பித்ததும் அராஹமாக்காரர் வழக்கம்போல எழுந்தார். நானும் எழுந்து அவர் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். துணி ஒன்றுதான் இருந்தது, அவர் துடைத்துக் கொடுக்க நான் தட்டில் அடுக்கினேன். பின்னால் மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டு மனப்பாடம், வாய்க்குள் ஓடுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. அப்போதுதான் அந்த ஏழாம் வகுப்புப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அன்று அவள் வாயிலிருந்து சத்தம் வந்திருக்காது. வந்திருக்காது என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. 15 கோப்பையும் அடுக்கி முடிக்க, பாட்டும் முடிந்தது. அராஹமாக்காரர் எனக்கு ஒரு கோப்பையை எடுத்து நீட்டி, தன்னுடைய பாஷையில் ஏதோ சொன்னார். சூடு, பார்த்து என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30 அன்று கிளம்பிவிட்டேன். அந்த வருடம் அந்த ஊரில் சகுரா என்கிற செர்ரிப் பூ பூத்தது ஏப்ரலில்தான். போட்டோவில்தான் பார்த்தேன்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். சுனாமி குடியிருப்பில் வீடு, இரண்டு பிள்ளைகள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், ‘டீச்சர், சாப்டீங்களா’ என்று கேட்பாள். போன மாதம் கூடப் பார்த்தேன். கொழுக்கட்டை விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. சாப்பிட்டேன்மா என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, பாட்டு வெளிவந்த வருடத்தையும் பைன் மரத்தையும் பற்றி ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், இரண்டு வரி போதும். இரண்டாவது, வருகிற டிசம்பர் 26க்கு எங்கள் கடற்கரையில் மெழுகுவத்தி ஏற்றும் படம் போடுவீர்கள், வருடா வருடம் போடுகிறீர்கள். அதன்மேல் தலைப்பு வைக்கும்போது ‘எழுவோம்’, ‘வெல்வோம்’, ‘மலர்வோம்’ மூன்றும் வேண்டாம். தேதியை மட்டும் போட்டாலே போதும், எங்களுக்குப் புரியும்.

கட்டுரையாளருக்குப் பாட்டின் வரிகள் சரியாகத் தேவைப்பட்டால் மகள் எழுதிய தமிழெழுத்துத் தாளின் நகலை அனுப்பிவைக்கிறேன். ஓரத்தில் டீக்கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
நாகப்பட்டினம்.